வாத்துக்குஞ்சு வளர்ப்பவர்களுக்கு

கோழிக்குஞ்சுத் தீவனத்தையே வாத்துக்குஞ்சுக்கும் போடுகிறீர்களா? போடலாம், ஆனால் அதில் நியாசின் (வைட்டமின் பி3) போதாது. வாத்துக்குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் சுமார் 55 மில்லிகிராம் வேண்டும். குறைந்தால் கால் வளையும், கணுக்கால் மூட்டு வீங்கும், நடக்காமல் உட்கார்ந்தே இருக்கும். ஒரு கப் தீவனத்துக்கு ஒரு மேசைக்கரண்டி ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் கிடைக்கும் ஈஸ்ட் தூள்) கலந்தால் சரியாகிவிடும். ரொட்டி ஈஸ்ட் வேறு, அது வேண்டாம்.

தீவனத்தின் பக்கத்திலேயே தண்ணீர் இருக்கட்டும்; தண்ணீரில்லாமல் தின்றால் விக்கிக்கொள்ளும். மூக்குத்துளை மூழ்கும் ஆழம் கட்டாயம். அலகைக் கழுவ முடியாவிட்டால் மூக்கு அடைக்கும், கண் ஒட்டிக்கொள்ளும்.

வாத்துதானே என்று முதல் வாரமே தொட்டியில் விட்டுவிடாதீர்கள். தாயில்லாத குஞ்சின் தூவியில் எண்ணெய்ப்பூச்சு இருக்காது. நனைந்து, குளிரில் விறைத்துச் செத்துப்போகும். முதல் வாரம் விளக்கு வைத்து 32 டிகிரி செல்சியஸ் சூடு, பிறகு வாரம் 3 டிகிரி குறைக்கலாம். குஞ்சுகள் விளக்கடியில் நெருக்கியடித்தால் குளிர், விலகி ஓடி வாய்திறந்து மூச்சிரைத்தால் சூடு. தெர்மாமீட்டரைவிட இதை நம்பலாம்.

தரையில் செய்தித்தாள் மட்டும் விரிக்காதீர்கள், வழுக்கிக் கால் விரிந்துவிடும். மரச்சீவல் நல்லது, நனைந்ததைத் தினமும் அள்ளிவிடுங்கள் (நனைத்துக்கொண்டேதான் இருக்கும்). ஒற்றையாக வளர்க்காதீர்கள், குறைந்தது இரண்டு.