கண்ணாடியைக் கழற்றினால்தான் எனக்கு வேலை ஓடும்

புரட்டாசி மழை. கிருஷ்ணகிரியில் ஜரியும் கட்பீட்ஸும் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் காவேரிப்பட்டணம் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே வந்த லாரிகளின் வெளிச்சம் கண்ணாடியில் ஒட்டிய ஒவ்வொரு சொட்டிலும் பட்டுச் சிதறியது. வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டி, மறுபடி துடைத்து... வீடு வந்து சேர்ந்ததும் அண்ணன் மகளுக்குப் போன் போட்டேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, 25 வயது. மைனஸ் 5 பவர் இருந்தவள் போன வருஷம் கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்துகொண்டு கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

"அத்தை, இத்தன வருசம் ஏன் சும்மா இருந்தீங்க? போய் டெஸ்ட் மட்டுமாவது பண்ணிப் பாருங்க" என்றாள்.

எனக்கு 42. ஒன்பதாவது படிக்கும்போது போட்ட கண்ணாடி. வலது கண் மைனஸ் 3.5, இடது 3.25. வீட்டு முன்னறையில் துணியை இழுத்துக் கட்டும் மரச் சட்டம் போட்டு ஆரி வேலை செய்கிறேன், கொக்கி ஊசியால் ஜரியும் மணியும் வைத்துத் தைக்கும் பூவேலை. கல்யாண பிளவுஸ்தான் அதிகம். பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயர் எதற்கு, எங்கே போனாலும் பரிசோதனை ஏறக்குறைய இதுதான்.

அரை நாள் ஆகும் என்று தெரிந்தே போங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் ஒன்றிரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார்கள். லென்ஸ் அழுத்திய கண்ணில் அளவு சரியாக விழாதாம். எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை. முதலில் இமைக்குக் கீழே ஒரு காகிதத் துண்டைச் செருகி 5 நிமிடம் உட்கார வைத்தார்கள். கண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் ஊறுகிறது என்று பார்ப்பது. வலது 12, இடது 9. "கொஞ்சம் வறட்சி" என்றார் டாக்டர். இருக்காதா, ஊசி முனையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யார் இமைக்கிறார்கள்? லேசர் செய்யும்போது கருவிழியின் நரம்புகள் கொஞ்சம் அறுபடுவதால் சில மாதம் வறட்சி இன்னும் கூடும் என்றும் சொன்னார்.

அடுத்து கருவிழியின் வரைபடம். கிருஷ்ணகிரி மலை வரைபடம் மாதிரி வண்ண வண்ணமாக வருகிறது. அண்ணன் மகளோடு அறையில் தங்கியிருந்த பெண்ணுக்கு இந்தப் படத்தில் கீழ்ப்பக்கம் கூம்பு போலத் துருத்திக்கொண்டிருந்ததால் அங்கேயே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கண்ணில் லேசர் பட்டால் கருவிழி மேலும் பிதுங்கும். அவளுக்குச் சின்ன வயசிலிருந்து கண்ணைக் கசக்கும் பழக்கமாம்.

எனக்குப் படம் சுத்தம். கருவிழியின் தடிமன் 531 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. டாக்டர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். மேலே மூடி மாதிரி எடுத்து மடக்கும் ஏட்டுக்கு 110 போகும். ஒரு பவருக்குச் சுமார் 15 மைக்ரான் சீவினால் மூன்றரைக்கு 50 சொச்சம். மிச்சம் 370. 300 இருந்தாலே நிம்மதி என்றார். ஜாக்கெட் துணியை வெட்டுமுன் தையலுக்கு எவ்வளவு விடுவது என்று பார்ப்போமே, அதே கணக்கு.

சீவுகிற இடம் கருகாதா என்று கேட்டேன். பாலியஸ்டர் நூல் நுனியை ஊதுபத்தியில் சுட்டு உருக்குகிறவள் நான், பக்கத்து நூல் எப்படிச் சுருளும் என்று தெரியும். இந்த லேசர் சூட்டால் எரிப்பதில்லை, மூலக்கூறுகளின் பிணைப்பையே உடைத்து உதிர்க்கிறது, பக்கத்தில் இருப்பதைத் தொடாது என்றார். இதைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவர் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன் என்று எங்க வீட்டுக்காரர் பிறகு தேடிச் சொன்னார். 1981-இல் அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, விருந்தில் மிச்சமான வான்கோழித் துண்டில் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தாராம். அன்று சாயங்காலம் பூராவும் வீட்டில் வான்கோழிப் பேச்சுதான்.

ஆக, கண் தேறிவிட்டது. தேதி குறிப்பார் என்று நினைத்தால், "என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "வேல செய்யும்போது கண்ணாடி போடுவீங்களா?"

போட மாட்டேன். கழற்றி வைத்துவிட்டுத்தான் குனிவேன். அது ஒரு விஷயம் என்றே எனக்கு அதுவரை தோன்றியதில்லை. மைனஸ் 3.5 கண்ணுக்கு எந்தச் சிரமமும் இல்லாமல் தெளிவாகத் தெரியும் தூரம் சுமார் 28 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. என் சட்டத்துக்கும் மூக்குக்கும் உள்ள தூரம் அதேதான். என் வயசுக்காரிகள் வெள்ளெழுத்து வந்து கண்ணாடிக்கு அலையும்போது நான் மட்டும் சமிக்கியைக் கோத்துக்கொண்டிருப்பது இந்த 'கெட்ட' கண்ணால்தான்.

பவர் முழுசும் போகிற அளவுக்குக் காண்டாக்ட் லென்ஸ் தருகிறேன், லேசருக்குப் பிறகும் பார்வை இப்படித்தான் இருக்கும், ஒரு வாரம் போட்டு உங்கள் வேலையையே செய்து பாருங்கள் என்றார் டாக்டர். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் இன்னொன்றைக் கிட்டத்துக்கும் வைக்கும் வழியும் இருக்கிறதாம். ஆனால் ஊசி துணிக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க எனக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து வேண்டும்.

லென்ஸ் போட்ட முதல் நாள் சொர்க்கம். தென்பெண்ணைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, அக்கரை மரத்தில் இலை இலையாகப் பார்த்தேன். களிப் பானையைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கிறது, மங்கிப்போகக் கண்ணாடி இல்லை. மறுநாள் சட்டத்தின் முன் உட்கார்ந்தேன். ஆரி ஊசிக்கு ஓட்டை கிடையாது, நுனியில் மயிரிழைக் கொக்கி. அந்தக் கொக்கி தெரியவில்லை. தலையைப் பின்னால் இழுத்தால் தெரிகிறது, கை எட்டவில்லை. அரை மணியில் நெற்றிப்பொட்டு தெறித்தது. கடையில் பிளஸ் 1.5 ரெடிமேட் கண்ணாடி வாங்கிப் போட்டதும் கொக்கி வந்தது. ஒரு கண்ணாடியைக் கழற்ற காசு கொடுத்து இன்னொன்றை மாட்டுவதா? ஸ்கூட்டியில் போவது நாளைக்கு இருபது நிமிடம். முகூர்த்த மாதத்தில் சட்டத்தின் மேல் குனிந்திருப்பது ஆறு மணி நேரம்.

அண்ணன் மகள் செய்தது அவளுக்குச் சரி. வெள்ளெழுத்து வர இன்னும் பதினைந்து வருஷம் இருக்கிறது அவளுக்கு. ஆனால் லேசருக்கு முந்தைய அளவுத் தாள்களைப் பத்திரமாக வை என்று சொல்லியிருக்கிறேன். பின்னாளில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது அந்தக் கணக்கு தேவைப்படுமாம். விழித்திரையையும் அவ்வப்போது காட்டத்தான் வேண்டும், மைனஸ் பவர் கண் பின்பக்கம் நீண்டிருக்கும், லேசர் கருவிழியைத்தான் மாற்றும், நீண்டுபோன கண் நீண்டபடியேதான் இருக்கும்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். டாக்டர் இல்லை, பணம் பேசுகிற பெண்.

"மேடம், இந்த மாசக் கடைசி வரைக்கும் சலுகை இருக்கு. தேதி போட்டுடலாமா?"

"வேணாம்மா."

"பயமா இருக்குங்களா மேடம்? பத்து நிமிசத்துல முடிஞ்சிரும்."

"பயம்லாம் இல்ல கண்ணு. பாலக்கோட்டுப் பொண்ணுக்கு வியாழக்கிழம பிளவுஸ் குடுக்கணும், இன்னும் ஒரு கை பாக்கி இருக்குது."

போனை வைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மணி டப்பா மேல் வைத்துவிட்டுக் குனிந்தேன்.