பார்க் மடத்து மணிகள்: ஆகஸ்ட் நாட்குறிப்பு

11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

மத்தியானம் வெயில் நல்லா அடிச்சதால சைக்கிள எடுத்துட்டு பார்க் மடத்துக்கு போனேன். பெல்ஜியத்துல, லூவன் ஊருக்கு கொஞ்சம் வெளிய, ஹேவர்லே பக்கம் இருக்கு. பிரபாண்ட் பிரபு முதலாம் கோட்ஃப்ரி 1129ல நார்பர்ட் சபைத் துறவிகளுக்கு கொடுத்த இடம். துறவிங்க மீன் வளர்த்த குளம், சுத்தி வயல், நடுவுல சர்ச், அதோட கோபுரத்துல 49 மணி இருக்கற கேரிலான், அதாவது சுரத்துக்கு ஒண்ணா மணிகள வரிசையா வெச்சு பாட்டு வாசிக்கற வாத்தியம். குறைஞ்சது 23 மணியாவது இருந்தாத்தான் கேரிலான்னே ஒத்துப்பாங்களாம்.

14 ஆகஸ்ட், புதன்

இது எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு நாளா படிச்சிட்டு இருக்கேன், மண்டைக்குள்ள வேற எதுவும் ஓடல. கேரிலான்ல மணி ஆடவே ஆடாது, உத்தரத்துல போல்ட் போட்டு இறுக்கி வெச்சிருப்பாங்க, உள்ள இருக்கற நாக்கு மட்டுந்தான் அசையும். வாசிக்கறவர் கீழ ஒரு அறைல உக்காந்திருப்பார், முன்னாடி வட்டமான மரக்கட்டைங்க ரெண்டு வரிசையா நீட்டிட்டு இருக்கும். கைய லேசா மூடிக்கிட்டு சுண்டுவிரல் பக்கத்தால அந்தக் கட்டைய அமுக்கினா அதுல கட்டின கம்பி கீழ இழுபடும், கம்பி ஒரு கிராங்க்க திருப்பும், கிராங்க் நாக்க இழுத்து மணியோட உள்பக்கத்துல அடிக்க வைக்கும். பெரிய மணிகளுக்கு கால் மிதியும் உண்டு. மோட்டார், கரண்ட் எதுவும் குறுக்க வராததால மெதுவா அமுக்கினா மெதுவா கேக்கும், ஓங்கி அடிச்சா ஊருக்கே கேக்கும். டன் கணக்குல வெங்கலத்த வெச்சுக்கிட்டு வீணைல காட்டற மாதிரி நுணுக்கம் காட்ட முடியுதுன்னா அதுக்கு இந்தக் கம்பிதான் காரணம்.

வெயிலுக்கு கம்பி நீளும், குளிருக்கு சுருங்கும். அதனால ஒவ்வொரு கட்டைக்கு மேலயும் ஒரு திருகு இருக்கு, வாசிக்க உக்காரும்போது அத திருகி சரி பண்ணிப்பாங்க.

18 ஆகஸ்ட், ஞாயிறு

இன்னிக்கு சுதி பத்தி. ஒரு மணிய அடிச்சா ஒரு சுரம் மட்டும் வராது, ஒரே நேரத்துல பல சுரம் வரும். நல்லா சுதி சேத்த மணில சட்ஜம், கீழ் சட்ஜம், மேல் சட்ஜம், பஞ்சமம், கூடவே சாதாரண காந்தாரம் (அந்தர காந்தாரத்த விட கொஞ்சம் கீழ இருக்கற சுரம்). இந்த காந்தாரந்தான் விஷயமே. சங்கராபரணம் மாதிரி அந்தர காந்தாரம் வர்ற சந்தோஷமான மெட்ட வாசிச்சாலும் ஒவ்வொரு மணிக்குள்ளயும் அதோட சொந்த சாதாரண காந்தாரம் ஒலிச்சிட்டே இருக்கும், அதனாலதான் கேரிலான்ல எந்த பாட்டு கேட்டாலும் அடில ஒரு சோகம் ஒட்டிட்டு இருக்குன்னு நினைக்கறேன். 1980கள்ல நெதர்லாந்துல ஐஸ்பவுட்ஸ் பட்டறை அந்தர காந்தாரம் வர்ற மணியவே கம்ப்யூட்டர்ல வடிவமைச்சு வார்த்துட்டாங்க. பெரிய சாதனைதான், எனக்கு என்னவோ பழசுதான் பிடிச்சிருக்கு.

இத்தன சுரத்தையும் ஒழுங்கா நிக்க வெச்சது ஹெமனி சகோதரர்கள், ஃபிரான்சுவாவும் பீட்டரும். யூட்ரெக்ட்ல மணி வாசிச்சிட்டு இருந்த, பார்வை இல்லாத யாகோப் ஃபான் ஐக், மணிக்குள்ள ஒளிஞ்சிருக்கற சுரங்கள ஒண்ணொண்ணா காதால பிரிச்சு சொன்னார். அந்த அறிவ வெச்சு அவங்க 1644ல சுட்ஃபன் ஊருக்கு செஞ்சதுதான் நல்லா சுதி சேந்த முதல் கேரிலான். மணிய வார்த்ததும் கவுத்து வெச்சு உள்பக்கத்த கடைசல் பிடிச்சு உலோகத்த சீவி எடுப்பாங்க, எந்த இடத்துல சீவறோமோ அதப் பொறுத்து வேற வேற சுரம் எறங்கும். சீவினத திரும்ப ஒட்ட முடியாது, கொஞ்சம் கூடிப்போனா மொத்தத்தையும் உருக்கி மறுபடி வார்க்க வேண்டியதுதான்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

இந்த மடத்துக்கு 1730லயே ஒரு கேரிலான் இருந்துச்சு. 1797ல பிரெஞ்சுக்காரங்க மடத்த கலைச்சாங்க, அப்புறம் அந்த மணிங்க லூவன் நடுவுல இருக்கற புனித பீட்டர் சர்ச்சுக்கு போச்சு. 1914 ஆகஸ்ட் 25, சரியா இதே தேதி ராத்திரி, ஜெர்மன் ராணுவம் ஊருக்கு தீ வெச்சப்போ பல்கலைக்கழக லைப்ரரியோட லட்சக்கணக்கான புத்தகம் எரிஞ்சுது, புனித பீட்டர் சர்ச்சும் எரிஞ்சுது, மடத்து மணிகளும் அதோட போச்சு.

2018 நவம்பர் 11, முதல் உலகப்போர் முடிஞ்சு சரியா நூறு வருஷம். அன்னிக்குத்தான் பழைய கேரிலான அப்படியே மாதிரியா வெச்சு செஞ்ச புது மணிங்க பார்க் மடத்து கோபுரத்துல ஒலிச்சுது. சமாதான கேரிலான்னு பேரு. இதுக்கு கைகொடுத்ததுல ஜெர்மனியோட நாய்ஸ் நகரமும் ஒண்ணு. 1914ல லூவன்ல இருந்த படைகள்ல அந்த ஊர்ப் படைப்பிரிவும் உண்டு. இத படிச்சப்போ கண்ணு கலங்கிடுச்சு. நகல்தானேன்னு சிலர் சொல்லலாம், நான் ஒத்துக்க மாட்டேன், எரிச்ச ஊர்க்காரங்களோட பேரப்பிள்ளைங்களும் எரிஞ்ச ஊர்க்காரங்களோட பேரப்பிள்ளைங்களும் சேந்து செஞ்சதுங்கறது அந்த 1730 மணிகளுக்கே இல்லாத ஒரு வரலாறு.

26 ஆகஸ்ட், திங்கள்

நேரம் காட்ட தானா அடிக்கற கேரிலான் பத்தி தம்பி போன்ல கேட்டான். பழைய கோபுரங்கள்ல அதுக்கு ஒரு பெரிய உலோக உருளை இருக்கும், மேல பூரா ஓட்டை, மெட்டுக்கு ஏத்த மாதிரி ஆணி சொருகி வெப்பாங்க. உருளை சுத்தும்போது ஆணி ஒரு நெம்புகோல தட்டும், அது கம்பிய இழுத்து மணிக்கு வெளிய இருக்கற சுத்தியல தூக்கி விடும். ஆக மெஷின் வெளிய அடிக்கும், மனுஷன் உள்ள அடிப்பான். மெஷின்ல சத்தம் கூட்டி குறைக்க வழி கிடையாது, கேட்டா வித்தியாசம் உடனே தெரியும்.

அவன் அடுத்த மாசம் வர்றான், மெக்கலன் ஊருக்கு கூட்டிட்டு போகணும். யெஃப் டெனைன் 1922ல ஆரம்பிச்ச கேரிலான் பள்ளி அங்கதான் இருக்கு. கேக்கறதுக்கு கோபுரத்துக்கு நேர் கீழ நிக்கக் கூடாதுடான்னு இப்பவே சொல்லிட்டேன். கொஞ்சம் தள்ளி, தெரு சத்தம் வராத எடமா பாத்து உக்காரணும், அங்கதான் சின்ன மணியும் பெரிய மணியும் ஒண்ணா சேந்து வரும்.