வரையாட்டு மரம் ஒருவழியாகப் புதைபடிவத்தோடு ஒத்துப்போனது

மரபணு வரிசைகளை வைத்து நான் கட்டிய வரையாட்டின் பரிணாம உறவு மரம் ஒருவழியாகப் படிந்துவிட்டது! நம்ம வரையாடு செம்மறியோடு சேர்கிறது, இமயமலைத் தார் வெள்ளாட்டுப் பக்கம் போகிறது. ஆய்வாளர்கள் ரோபிகேயும் ஹசானினும் 2005இல் வரையாட்டை நீல்கிரிட்ராகஸ் என்று தனிப் பேரினமாகப் பிரித்தபோது காட்டிய அதே உறவுதான். கிளைகளில் முதலிலிருந்தே சிக்கல் இல்லை. கிளைகள் பிரிந்த காலம்தான் படுத்தி எடுத்தது. மாட்டுக் குடும்பத்துக்குள் முதல் கவட்டை, அதாவது மாட்டு வழியும் ஆட்டு வழியும் பிரியும் இடம், 3 கோடி ஆண்டுக்கு அப்பால் போய் நின்றது. அந்தக் காலத்தில் ஐயத்துக்கு இடமில்லாத மாட்டுக் குடும்பப் புதைபடிவம் எதுவும் கிடையாது.

வரிசைகள் எல்லாம் ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் எடுத்த சைட்டோகுரோம் பி மரபணு, 1140 டிஎன்ஏ எழுத்து. கோடான் என்ற மூன்றெழுத்துத் தொகுப்பின் மூன்றாவது இடம் திரும்பத் திரும்ப மாறிப் பழைய தடத்தை அழித்துவிடும் என்பதால் அதைத் தனிப் பிரிவாக வைத்தேன். வயது கொஞ்சம் இறங்கியது, போதவில்லை.

விஷயம் இயோட்ராகஸ் என்ற பழைய மாட்டுக் குடும்பப் புதைபடிவத்தை மரத்தில் எங்கே கட்டுவது என்பதில் இருக்கிறது. பாகிஸ்தானின் பொட்வார் மேட்டுநிலத்தில் கிடைத்தது, ஏறக்குறைய 1.8 கோடி ஆண்டு. அதை மாட்டு வழியைச் சேர்ந்த நீலான் (நீல்காய்) வகையறாவில் வைப்பவர்கள் உண்டு. அப்படியானால் முதல் கவட்டை அதற்கும் முந்தியிருந்தே ஆக வேண்டும். கவட்டைக்குக் கீழே, அடிமரத்தில் வைத்தால் கவட்டை அதைவிட இளையதாகவும் இருக்கலாம். நான் அடிமரத்தில் வைத்தேன். மரத்தைக் கணக்கிடும் பீஸ்ட் மென்பொருளுக்கு உள்ளீடு தயாரிக்கும் பியூட்டியில் ‘யூஸ் ஆரிஜினேட்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறதே, அதை டிக் செய்தால் ஆஃப்செட் 18, அதாவது 1.8 கோடி ஆண்டு என்ற குறைந்தபட்ச வயது, கவட்டையை விட்டுவிட்டு, மாட்டுக் குடும்பம் கஸ்தூரி மானோடு பிரியும் இடத்துக்குப் போய்விடும். அப்புறம் வரிசைகளே இல்லாமல், பிரையரை, அதாவது தரவைப் பார்க்கும் முன் நாம் கொடுக்கும் அனுமானத்தை, மட்டும் ஓட்டிப் பாருங்கள். இதைச் செய்யாமல் யாரும் முடிவை நம்பாதீர்கள் என்று அடித்துச் சொல்வேன், ஏனென்றால் வயதுக்கு நாம் கொடுத்த லாக்நார்மல் பரவலும் மரத்தின் பிரையரும் ஒன்றையொன்று இழுத்து, நாம் கேட்காத ஒரு வயதைக் கொண்டுவந்து வைக்கும். லாக்நார்மலின் நீண்ட வாலைச் சுருக்கிய பிறகுதான் முடிவுகளை வரைந்து காட்டும் டிரேசரில் வயதின் வளைவு நான் நினைத்த இடத்துக்கு வந்தது. புதைபடிவம் சொல்வது குறைந்தபட்ச வயதை மட்டுமே, மேல் எல்லைக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

கோத்தகிரியில் மழை பிடித்தால் கரண்ட் போய்விடும். பீஸ்டில் விட்ட இடத்திலிருந்து தொடர ‘ரெஸ்யூம்’ இருந்தாலும், ராத்திரி முழுக்க ஓட வேண்டியது நின்று கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மேட்டுப்பாளையத்தில் யூபிஎஸ் பேட்டரி விசாரித்து வைத்திருக்கிறேன், லேப்டாப்புக்கு ரேமும் கூட்ட வேண்டும்.

அடுத்து ஊதாத் தவளை. 2003இல் விவரிக்கப்பட்டது, நெருங்கிய சொந்தம் சீஷெல்ஸ் தீவுகளில். மும்பை வொர்லியில், தக்காண எரிமலைப் பாறைகளுக்கு நடுவே கிடைத்த இண்டோபட்ராகஸ் என்ற தவளைப் புதைபடிவத்தை அதன் மரத்தில் எங்கே கட்டுவது என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஆனால் வரையாட்டு மரத்தில் ஒரு இஎஸ்எஸ் (ஓட்டம் போதுமா என்று காட்டும் சார்பற்ற மாதிரிகளின் எண்ணிக்கை) இன்னும் 200ஐத் தொடவில்லை, இன்று இரவு அதைத்தான் மறுபடி ஓட விடுகிறேன்.