லாக் போகிறது, போய்ச் சேர்கிறதா?

லாக்கை, அதாவது மெஷினில் நடப்பவற்றின் பதிவை, வேறு சர்வருக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்து முடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு சோதனைதான் செய்கிறார்கள். லாக்கில் வரி சேர்க்கும் லாகர் கட்டளையில் ஒரு வரி எழுதுவது, அது அந்தப் பக்கம் வந்து விழுந்ததும் டிக்கெட்டை மூடிவிடுவது. இணைப்பு நன்றாக இருக்கும்போது லாக் போகத்தான் செய்யும், அதில் சோதிக்க என்ன இருக்கிறது? பெறும் சர்வரைப் பத்து நிமிடம் நிறுத்திவைத்துவிட்டு, அனுப்பும் மெஷினில் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும்.

லினக்ஸில் இந்த வேலையைச் செய்யும் ஆர்சிஸ்லாக்கின் கான்ஃபிகில் முகவரிக்கு முன்னால் ஒரு @ போட்டால் யூடிபி, அதாவது சேர்ந்ததா என்று பாராமல் அனுப்புவது. இரண்டு போட்டால் டிசிபி, அதாவது முதலில் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு அனுப்புவது. இந்த ஒற்றை எழுத்து வித்தியாசத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. யூடிபியில் 514-ஆம் போர்ட்டுக்கு அனுப்பும் மெஷின், எதிரே யாராவது இருக்கிறார்களா என்று கேட்பதே இல்லை. வழியில் ஃபயர்வால் விழுங்கினாலும் அதற்குத் தெரியாது. "இந்த மெஷினில் எர்ரரே வந்ததில்லை" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், முதலில் அந்த @ எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

டிசிபிக்கு மாறியதும் எர்ரர்கள் கண்ணில் படத் தொடங்கும். அது நல்ல மாற்றம்தான், ஆனால் மூன்று வகை எர்ரரையும் ஒன்றாகப் பாவிக்கக் கூடாது. "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்றால் பெரும்பாலும் எதிர் மெஷின் வரை போய்விட்டோம், அந்த போர்ட்டில் கேட்க ஆளில்லை. பெறும் சர்வரில் டிசிபி உள்வாங்கும் மாட்யூலை லோட் செய்யாமல் விட்டிருப்பார்கள். இல்லையென்றால் வழக்கமில்லாத போர்ட் கொடுத்து, லினக்ஸின் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸ் அதைத் திறக்கவிடாமல் தடுத்திருக்கும். "டைம்டு அவுட்" வந்தால், நடுவில் ஏதோ ஒரு ஃபயர்வால் பதில் சொல்லாமல் பாக்கெட்டைக் கீழே போடுகிறது என்பதே முதல் சந்தேகம். லினக்ஸ் இயல்பாகப் பல முறை திரும்ப முயன்று, சுமார் இரண்டு நிமிடம் கழித்துத்தான் கைவிடும். மூன்றாவதான "நோ ரூட் டு ஹோஸ்ட்" ஆளை ஏமாற்றும். பிங் போகும், ரூட்டிங் டேபிள் சரியாக இருக்கும், நெட்வொர்க் குழுவோடு அரை நாள் வீணாகும். பல நேரம் காரணம் எதிர் மெஷினில் ஓடும் ஃபயர்வால் சர்வீஸான ஃபயர்வால்டிதான். அது பாக்கெட்டை மறுக்கும்போது அனுப்பும் ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழை அறிவிப்பு) பதிலை, கெர்னல் இந்த வார்த்தைகளில் நமக்குச் சொல்கிறது.

எர்ரருக்குப் பின் ஆர்சிஸ்லாக், அனுப்பும் வேலையான அந்த ஆக்‌ஷனை சஸ்பெண்ட் செய்யும், லாக்கில் 2007 என்ற எண் தெரியும். இங்கே இயல்பு அமைப்பைக் கவனிக்க வேண்டும். ரிட்ரை கவுண்ட் (திரும்ப முயலும் எண்ணிக்கை) 0, அனுப்ப முடியாததைச் சேர்த்துவைக்க இதற்கெனத் தனி க்யூ கிடையாது. சஸ்பெண்ட் ஆன நேரத்தில் வரும் செய்திகள் அப்படியே கைவிடப்படும். அடுத்த முயற்சிக்கு இடைவெளி 30 விநாடி, அதுவும் தொடர்ந்து தோற்றால் நீளும். இதைப் படித்துவிட்டு ரிட்ரை கவுண்டை -1 ஆக்கி, "இனி விடாமல் முயலும்" என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. க்யூ இல்லாமல் -1 மட்டும் போடுவது இயல்பு அமைப்பைவிட மோசம். ஆக்‌ஷன் நகராது, எல்லா லாக்கும் வந்து சேரும் மெயின் க்யூ நிரம்பும், பிறகு லாக் எழுத வரும் புரோகிராம்கள் எல்லாம் வாசலில் காத்து நிற்கும். தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் லாகின் இழுக்கும், அட்மின் கட்டளை ஓட்டும் சூடோ தொங்கும். பிரச்சினையைச் சரிசெய்ய உள்ளே போக வேண்டியவரே வெளியே நிற்பார். சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள மெஷின்களில், லாக்கை முதலில் வாங்கும் ஜர்னல்டி நடுவில் நிற்பதால் நிலைமை பொதுவாக இவ்வளவு தூரம் போகாது.

ஆகவே -1 போடும் கையோடு க்யூவும் வேண்டும்: வகை லிங்க்டு லிஸ்ட், க்யூவுக்கு ஒரு ஃபைல் பெயர், அதிகபட்ச டிஸ்க் அளவு, ஷட்டவுனில் சேமித்தல். ஃபைல் பெயரை விட்டுவிட்டால் எல்லாம் மெமரியிலேயே இருந்து ரீபூட்டில் போய்விடும். இரண்டு சர்வருக்கு அனுப்பினால் இரண்டு க்யூவுக்கும் வேறு வேறு பெயர் கொடுங்கள். காப்பி-பேஸ்ட்டில் அடிக்கடி தவறுவது இதுதான்.

அளவை எல்லாரும் 1 ஜிபி என்று எழுதிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 200 செய்தி, ஒவ்வொன்றும் 500 பைட் என்றால் மணிக்கு 360 எம்பி. 1 ஜிபி மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. வெள்ளி இரவு அறுந்த இணைப்பைத் திங்கள் காலையில்தான் பார்ப்பீர்கள் என்றால், 60 மணி நேரத்துக்கு 21 ஜிபிக்கு மேல் வேண்டும். அதை ரூட் பார்ட்டிஷனில் வைக்காதீர்கள். இணைப்பு திரும்பியதும் எல்லா மெஷினும் சேர்த்துவைத்ததை ஒரே நேரத்தில் கொட்டும் என்பதும் நினைவிருக்கட்டும். பெறும் சர்வர் மறுபடி படுப்பது அப்போதுதான்.

இவ்வளவு செய்தாலும் டிசிபியில் ஒரு ஓட்டை உண்டு. செய்தி தன் கெர்னல் பஃபருக்குள் போனதுமே அனுப்பியாயிற்று என்று ஆர்சிஸ்லாக் எடுத்துக்கொள்ளும். இரவில் லாக் வராமல் அமைதியாக இருக்கும் மெஷினின் இணைப்பை, சும்மா கிடக்கிறதென்று ஃபயர்வால் மறந்துவிடும். காலையில் எழுதும் முதல் சில செய்திகள் அந்தச் செத்த இணைப்பில் போய் மறையும், எர்ரர் அதற்குப் பிறகுதான் வரும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது தட்டிப் பார்க்கும் கீப்அலைவ் போட்டால் இது குறையும், ஒழியாது. ஒரு செய்தியும் தொலையக் கூடாது என்றால், பெற்றவர் ஒப்புகை தரும் ஆர்இஎல்பி வேண்டும். ஆர்சிஸ்லாக்கை உருவாக்கிய ரைனர் கெர்ஹார்ட்ஸ் இந்தக் குறைக்காகவே வகுத்த புரோட்டோகால் அது. இணைப்பு அறுந்து திரும்பும்போது சில வரிகள் இரண்டு முறை வரலாம். தொலைவதற்கு அது மேல்.

க்யூவில் கிடந்து தாமதமாக வரும் செய்திக்கு நேரமும் சிக்கல். பழைய சிஸ்லாக் வடிவத்தில் ஆண்டும் இல்லை, டைம் ஸோனும் இல்லை. இந்தியாவில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும், கடிகாரங்களை, சரியான நேரம் தரும் என்டிபி சர்வரோடு ஒத்துவைக்கவும் சொல்கிறது. ஆகவே அனுப்பும் டெம்ப்ளேட்டை முழு நேரமுத்திரை உள்ள புதிய சிஸ்லாக் வடிவமான ஆர்எஃப்சி 5424-க்கு மாற்றிவிடுங்கள்.

இனி அந்தச் சோதனை. ஒரு லூப்பில் 1 முதல் 10,000 வரை எண் போட்டு, நிதானமாக லாகரில் எழுதுங்கள். 3,000 வாக்கில் பெறும் சர்வரின் சர்வீஸை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துத் திரும்ப எழுப்புங்கள். அடுத்த சுற்றில் சர்வீஸைத் தொடாமல், ஃபயர்வால் விதி எழுதும் ஐபிடேபிள்ஸில் அந்த போர்ட்டை டிராப் செய்யுங்கள். இரண்டும் ஒன்றல்ல, தொங்குவது இரண்டாவதில்தான். அதே நேரம் இன்னொரு டெர்மினலில் எஸ்எஸ்எச் லாகின் தாமதமாகிறதா என்றும் பாருங்கள். கடைசியில் வந்து சேர்ந்த எண்களை வரிசைப்படுத்தி, எது விடுபட்டது, எது இரட்டித்தது என்று குறித்து, அந்தப் பட்டியலை டிக்கெட்டில் இணைத்த பிறகு மூடுங்கள்.