கொரோனா பாசிட்டிவ்ல டெலிவரி, தாய்ப்பால் குடுக்க பட்ட பாடு

2021 மே மாசம், செகண்ட் வேவ் உச்சத்துல இருக்கறப்ப தான் எனக்கு டெலிவரி. அட்மிஷனுக்கு எடுத்த ஆர்டிபிசிஆர் (கொரோனா டெஸ்ட்) பாசிட்டிவ். அப்போ காய்ச்சல் கூட இல்ல, லேசா தொண்டை கரகரப்பு. சிசேரியன் முடிஞ்சதும் பாப்பாவ தள்ளி நின்னு காட்டிட்டு என்ஐசியூக்கு (பச்சக் குழந்தைங்க ஐசியூ) தூக்கிட்டு போயிட்டாங்க, நெகட்டிவ் வர்ற வரைக்கும் பவுடர் பால் தான்மான்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க. ஏன்னு கேட்டா "ரூல்ஸ்".

படுத்துக்கிட்டே போன்ல தேட ஆரம்பிச்சேன். 2020 ஆரம்பத்துல சீனாவுல அம்மாவையும் குழந்தையையும் 14 நாள் பிரிச்சு வைக்க சொன்னாங்க, தாய்ப்பாலும் வேணாம்னாங்க, அப்போ யாருக்கும் ஒண்ணும் தெரியாது, சரி. ஆனா அதே வருஷம் ஜூன்லயே உலக சுகாதார நிறுவனம் பாசிட்டிவ் அம்மாவும் பால் குடுக்கலாம்னு தெளிவா சொல்லிடுச்சு. ஆகஸ்ட்ல கலிபோர்னியா ஆராய்ச்சி ஒண்ணு, தொத்து வந்த 18 அம்மாக்கள்கிட்ட 64 பால் சாம்பிள் எடுத்து பாத்திருக்காங்க, ஒண்ணே ஒண்ணுல தான் வைரஸோட ஆர்என்ஏ, அதாவது அதோட மரபணு, இருந்துச்சு, அதுவும் லேப்ல வளர்க்க பாத்தா வளரல. ஆர்டிபிசிஆர் காட்டுறது வைரஸோட துண்டை தான், அது உயிரோட இருக்கா, தொத்துமான்னு அது சொல்லாது. பயப்பட வேண்டியது என் மூச்சுக்கும் இருமலுக்கும் தான், பாலுக்கு இல்ல.

ரவுண்ட்ஸ் வந்த குழந்தை டாக்டர் மேடம்கிட்ட, "மேடம், பாப்பாவ தனியா வைக்கணும்னா வைங்க, என் பால கறந்து குடுக்கறதுக்கு என்ன தடை?"ன்னு கேட்டேன். சண்டை போடல. அவங்க கொஞ்சம் யோசிச்சுட்டு சரின்னுட்டாங்க.

இங்க ஒரு விஷயம், யாரும் சொல்லித் தர மாட்டாங்க. சீம்பாலுக்கு பம்ப் சரிப்பட்டு வராது, வர்ற நாலு சொட்டும் பம்ப்லயே ஒட்டிக்கும். கைய சோப்பு போட்டு கழுவி, மாஸ்க் போட்டு, காம்ப சுத்தி கருப்பா இருக்கற இடத்துக்கு கொஞ்சம் பின்னாடி விரல் வெச்சு நெஞ்சு பக்கமா அழுத்தி அழுத்தி விடணும், கொதிக்க வெச்ச சின்ன கிண்ணத்துல புடிக்கணும். மஞ்சளா பிசுபிசுன்னு வந்துச்சு. அத சிஸ்டர் கொண்டு போய் பாலாடைல குடுத்தாங்க. ராத்திரியும் விடாம கறக்கணும், விட்டா பால் கட்டிக்கிட்டு அது ஒரு தனி காய்ச்சல்.

அதுக்குள்ள எனக்கு ஆக்சிஜன் எறங்க ஆரம்பிச்சுது, ரத்தம் உறையுதான்னு காட்டுற டி-டைமர் டெஸ்ட்டும் ஏறிடுச்சு. பிரசவத்துக்கு அப்புறம் ரத்தம் உறையற ஆபத்து எப்படியும் கூட தான், கொரோனாவும் சேந்தா கேக்கவே வேணாம். வயித்துல எனோக்ஸாபரின்னு ரத்தம் உறையாம இருக்கற ஊசி, கூடவே ஸ்டீராய்டு. மறுபடியும் பால நிறுத்துன்னு எல்லாரும். மேடம் தான், ஊசி மருந்தோட மூலக்கூறு பெருசு, பால்ல எறங்கறதே ரொம்ப கம்மி, எறங்குனாலும் குழந்தை வயித்துல செரிச்சிடும்னாங்க. ஸ்டீராய்டுக்கு மட்டும் எடுத்த எடுப்புல சரி சொல்லல, டோஸ் பாத்துட்டு தான் சொன்னாங்க. அதனால என் கேஸ பாத்து நீங்களா முடிவு பண்ணாதீங்க, மருந்து பேர காட்டி கேளுங்க.

எனக்கு வெச்சிருந்த ஆக்சிஜன கழட்டுனதும் பாப்பாவ என் ரூம்லயே விட்டாங்க. தொட்டில் ஆறடி தள்ளி, பால் குடுக்கறப்ப மட்டும் கிட்ட. எனக்கு தான் மாஸ்க், குழந்தைக்கு மாஸ்க் போடவே கூடாது, மூச்சு முட்டும். ஒவ்வொரு தடவையும் மார்ப கழுவணும்னு எங்க அத்தை போன்லயே கண்டிஷன் போட்டாங்க, தேவையே இல்ல, மேல இருமிட்டா மட்டும் சோப்பு போட்டா போதும்.

பால் குடுக்கறவங்க தடுப்பூசி போடலாம்னு மத்திய அரசு அந்த மே 19ல தான் சொல்லுச்சு, கொரோனா வந்தவங்க குணமாகி மூணு மாசம் கழிச்சு. நானும் அப்படியே போனேன். கேம்ப்ல ஒரு அம்மா ரெண்டு நாள் பால் குடுக்காதன்னாங்க. ஊசி போட்டு அரை மணி நேரம் உக்கார வெச்ச சேர்லயே பாப்பா பசிக்கு கத்துச்சு, துப்பட்டாவ போத்திக்கிட்டு அங்கயே குடுத்துட்டேன்.