ஸர்க்காவுக்கு ஸினோர் என்று பெயர் வைத்த கதை

எபிரேய பைபிளில் எழுத்துகளுக்கு மேலும் கீழும் நுணுக்கமான குறிகள் நிறைய இருக்கும். உயிர்க்குறிகளைச் சொல்லவில்லை, ஓதுவதற்கான குறிகளைச் சொல்கிறேன். எந்தச் சொல்லில் நிறுத்துவது, எதை அடுத்த சொல்லோடு சேர்ப்பது, எந்த மெட்டில் பாடுவது என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. திபேரியா நகரத்து மசோரெத்துகள், அதாவது பைபிள் பாடத்தைக் காத்துவந்த யூத அறிஞர்கள், ஆயிரம் வருஷத்துக்கு முன்பே வகுத்துவைத்த முறை இது. எபிரேயம் படிக்கும் இறையியல் மாணவர்களுக்குப் பாடநூல் பக்கங்கள் அமைப்பது என் தொழில் என்பதால், இந்தக் குறிகள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எனக்குப் பொறுக்காது.

அப்படி நகர்ந்துபோகும் ஒன்றுதான் ஸர்க்கா. ஆங்கில எஸ் எழுத்தைப் படுக்கவைத்தது போல இருக்கும். ஆதியாகமம் 1:7-இல், தேவன் ஆகாயவிரிவை உண்டாக்கினார் என்ற இடத்தில், 'எலோஹிம்' என்ற சொல்லின் மேல் இது வருகிறது. கடைசி எழுத்தான மீமின் இடது ஓரத்தில், அதாவது வலமிருந்து இடமாக எழுதும் எபிரேயத்தில் சொல் முடியும் இடத்தில் உட்கார வேண்டும். இங்கே கொஞ்சம் நிறுத்து என்று அர்த்தம்.

சங்கீதம், நீதிமொழிகள், யோபு மூன்றுக்கும் தனிக் குறிமுறை உண்டு. அங்கே இதே வடிவம் சொல்லின் கடைசியில் வந்தால் ஸினோர். முதல் சங்கீதத்தின் முதல் வசனத்திலேயே 'ஹாலக்' என்ற சொல்லில் பார்க்கலாம். ஆனால் அதே கோடு அழுத்தமுள்ள அசைக்கு முந்தைய அசையின் எழுத்துக்கு நேர் மேலே வந்தால் அது ஸினோரித். நிறுத்தச் சொல்லும் குறி அல்ல, அடுத்ததோடு சேர்க்கும் குறிக்குத் துணை. வடிவம் ஒன்றுதான்; நிற்கும் இடத்தை வைத்துத்தான் வேலை மாறுகிறது.

கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண்ணும் பெயரும் தரும் பொதுத் தரம் யூனிகோட். 1996-இல் அதன் 2.0 பதிப்பு இந்தக் குறிகளைச் சேர்த்தபோது, இதற்கு இரண்டு எண்கள் தந்தது. பதின்ம முறையில் சொன்னால் 1432, 1454. முன்னது எழுத்தின் நடு உச்சிக்கு, பின்னது இடது ஓரத்துக்கு. அதுவரை சரி. ஆனால் நடுவில் நிற்பதற்கு ஸர்க்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஓரத்தில் நிற்பதற்கு ஸினோர் என்று. ஆக, உண்மையான ஸர்க்கா வேண்டுமென்றால் ஸினோரைத்தான் தட்ட வேண்டும்! பெயரை நம்பித் தட்டிய கோப்புகள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. எழுத்துரு என்ன செய்யும்? எண் சொன்ன இடத்தில் வைக்கும். 'எலோஹிம்' சொல்லின் மீமுக்கு நட்டநடுவே குறி வந்து நிற்கும். புதிதாக ஓதப் பழகும் மாணவர் அதைப் பார்த்துக் குழம்பத்தானே செய்வார்?

ஒருமுறை வைத்த பெயரை யூனிகோட் மாற்றவே மாற்றாது. நம் ஆய்த எழுத்துக்கு அதில் இன்றும் 'தமிழ் ஸைன் விசர்கா' என்றுதான் பெயர். பெயரை நம்பி இயங்கும் மென்பொருள்கள் உடையக் கூடாது என்பதால் அந்தப் பிடிவாதம் நியாயம்தான் என்பேன். ஆனால் குறியீட்டு அட்டவணையில் பெயருக்குக் கீழே எது எங்கே நிற்கும் என்று விளக்கம் போட்டிருக்கிறார்கள். அதைப் படிக்காமல் தட்டச்சில் இறங்குவதுதான் எனக்கு வருத்தம்.

எபிரேயக் கோப்பு கையில் இருந்தால் 1432-ஐத் தேடிப் பாருங்கள். அந்த மூன்று நூல்கள் தவிர மற்ற 21 நூல்களில் ஸினோரித்துக்கு வேலையே இல்லை, அதனால் அங்கே அகப்படுவதை எல்லாம் 1454 ஆக மாற்றிவிடலாம். அந்த மூன்று நூல்களில் மட்டும் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். அச்சுப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.