சிவப்பு மை அதிகம் செலவாகும் கதை

வாழ்க்கை வரலாற்றுத் தொடர்களுக்கு ஆதாரம் சரிபார்ப்பது என் வேலை. திரைக்கதை கைக்கு வந்ததும் காட்சிக்குக் காட்சி, சில இடங்களில் வரிக்கு வரி, ஓரத்தில் நிறம் குறிக்க வேண்டும். ஆவணம் இருந்தால் பச்சை. ஒரே ஒருவர் சொன்னது மட்டும் என்றால் மஞ்சள். யாருக்கும் தெரிந்திருக்க வழியே இல்லை என்றால் சிவப்பு. அதன் பிறகு அது தயாரிப்பாளரின் வழக்கறிஞரிடம் போகும். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எங்கள் பெயர் வருவதற்குள் பார்வையாளர் தூங்கப் போயிருப்பார்.

புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சியாக நான் கொடுப்பது 1998-ல் எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட 'தி ராட் பேக்'. அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவையும் அவரது நண்பர் குழுவையும் பற்றியது. சினாட்ராவாக ரே லியோட்டா, டீன் மார்ட்டினாக ஜோ மான்டெக்னா, சாமி டேவிஸ் ஜூனியராக டான் சீடில். நம் ஊர் நடிகர், தலைவர் கதையைக் கொடுத்தால் பயிற்சிக்கு வந்தவர் ஏதாவது ஒரு கட்சி எடுத்துக்கொண்டுதான் பேனாவையே திறப்பார். சிகாகோ தாதாவுக்காக இங்கே யாரும் கோபப்படுவதில்லை.

கதை தெரிந்ததுதான். 1960-ன் தொடக்கத்தில் இந்த நண்பர் குழு லாஸ் வேகஸின் சாண்ட்ஸ் ஓட்டலில் பகலில் படப்பிடிப்பும் இரவில் மேடை நிகழ்ச்சியுமாக இருந்தது. பிப்ரவரி 7 அன்று செனட்டர் ஜான் கென்னடி பார்வையாளர் மேசையில் வந்து அமர்ந்தார். குழுவில் ஒருவரான பீட்டர் லாஃபோர்ட், கென்னடியின் தங்கை கணவர். சினாட்ராவுக்கு சிகாகோ மாஃபியா தலைவர் சாம் ஜியான்கானாவோடும் பழக்கம் உண்டு. கென்னடி அதிபரானதும் தம்பி ராபர்ட் நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலாகி மாஃபியாவை வேட்டையாடத் தொடங்கினார். இரண்டு பக்கமும் சிரித்துப் பேசிய பாடகர் நடுவில் மாட்டிக்கொண்டார்.

இதில் எல்லோரும் முதலில் பாய்வது, மாஃபியாதான் கென்னடியை ஜெயிக்க வைத்தது என்ற பேச்சின் மேல். அண்மையில் சேர்ந்த ஒரு பெண் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் கென்னடி சுமார் 9,000 வாக்கில்தான் ஜெயித்தார், உண்மை. ஆனால் அதிபரைத் தீர்மானிப்பவை மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகள். அவற்றில் அவருக்குக் கிடைத்தவை 303. இல்லினாயின் 27-ஐக் கழித்தாலும் 276 மிஞ்சும். ஜெயிக்க 269 போதும். "அப்படியானால் அந்த மாநிலம் போயிருந்தாலும் இவர்தானே சார் அதிபர்?" என்று கேட்டார். எத்தனையோ படங்கள் இந்த ஒரு பேச்சை நம்பியே ஓடியிருக்கின்றன. கழித்தல் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள்தான் குறைவு.

சினாட்ரா வழியாகக் கென்னடிக்கும் பிறகு ஜியான்கானாவுக்கும் அறிமுகமான ஜூடித் கேம்பெல் விஷயம் மஞ்சளுக்கு நல்ல பாடம். 1975-ல் செனட் குழுவிடம் ஒரு விதமாகவும், 1988-ல் பத்திரிகையிடம் வேறு விதமாகவும் சொன்னார். பழக்கம் இருந்ததற்குச் சான்று உண்டு. இருவருக்கும் நடுவே தூது போனதற்கு அவர் வாய்மொழிதான்.

பச்சைக் காட்சிகளிலேயே என்னை உலுக்கியது வேறொன்று. ஜியான்கானாவின் ஆட்கள் கூடும் இடத்தில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. ஒலிவாங்கியை ஒளித்து வைத்திருந்தது. சினாட்ரா வாக்குக் கொடுத்தும் கென்னடி குடும்பம் தங்களைத் துரத்துகிறதே என்ற ஆத்திரத்தில் ஜானி ஃபோர்மோசா என்ற அடியாள், லாஃபோர்டையும் மார்ட்டினையும் தீர்த்துவிடலாம், டேவிஸின் மிச்சக் கண்ணையும் பிடுங்கலாம் என்கிறார். டேவிஸ் 1954-ல் கார் விபத்தில் இடது கண்ணை இழந்தவர். வேண்டாம், அவர்களை வைத்து வேறு திட்டம் இருக்கிறது என்று ஜியான்கானா தடுக்கிறார். 1962 கடைசியில் சினாட்ராவும் மார்ட்டினும் டேவிஸும் சிகாகோவுக்கு வெளியே, ஜியான்கானாவின் கை இருந்த வில்லா வெனிஸ் விடுதியில் வந்து பாடினார்கள். ஏன் வந்தீர்கள் என்று எஃப்.பி.ஐ. விசாரித்தபோது டேவிஸ் சொன்ன பதிலின் சாரம்: எனக்கு இருப்பது ஒரு கண், அது பார்ப்பதையெல்லாம் வாய் பேசினால் அந்தக் கண்ணும் மிஞ்சாது. எந்த வசனகர்த்தா இப்படி எழுதிக் கொடுத்திருந்தாலும் மிகை என்று நானே அடித்திருப்பேன்.

டேவிஸுக்கு நடந்த மற்றவையும் அப்படித்தான். 1960 ஜூலையில் கென்னடியின் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் தென்மாநிலப் பிரதிநிதிகள் கூச்சலிட்டு, கறுப்பினத்தவரான அவரை அவமதித்தார்கள். வெள்ளைக்கார நடிகை மே பிரிட்டோடு நடக்கவிருந்த திருமணத்தைத் தேர்தல் முடியும்வரை தள்ளிவைத்தார். அவ்வளவு செய்தும், கென்னடியின் பதவியேற்பு விழாவுக்கு வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். இதில் எதையும் யாரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. இருந்தும் இந்தக் கதையை எடுப்பவர்கள் பெரும்பாலும் சினாட்ராவின் மனவேதனைக்குத்தான் வயலின் வாசிக்கிறார்கள். இந்தப் படத்தில் சீடில் அதை மீறி நடித்தார். கோல்டன் குளோப் விருதும் அவருக்குத்தான் கிடைத்தது.

படம் வந்தது ஆகஸ்டில். சினாட்ரா இறந்தது அதே ஆண்டு மே மாதம். அவரைப் பற்றி எஃப்.பி.ஐ. சேர்த்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் பொதுவில் வந்ததோ டிசம்பரில். நாலு மாதம் பொறுத்திருக்கலாம் என்று தோன்றும். ஆனால் ஒளிபரப்புத் தேதி யாருக்காகவும் பொறுக்காது என்பதை எங்கள் தொழிலில் இருப்பவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த பாத்திரத்தை யாரும் கதாநாயகனாக்குவதில்லை. நெவாடா சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் எட் ஓல்சன். 1963 கோடையில், சினாட்ராவுக்குப் பங்கிருந்த கால் நேவா விடுதியில் ஜியான்கானா தங்கியது தெரியவந்தது. காசினோக்களில் காலே வைக்கக் கூடாதவர்கள் என்று மாநிலம் வெளியிட்டிருந்த பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஓல்சன் விளக்கம் கேட்டார். சினாட்ரா தொலைபேசியில் அழைத்துக் காது கூசத் திட்டினார். ஓல்சன் பதிலுக்குக் கத்தவில்லை. நடந்ததைக் குறிப்பாக எழுதிவைத்தார். வாரியத்தின் அதிகாரபூர்வப் புகாரில் அந்தக் கெட்ட வார்த்தைகளும் ஒரு குற்றச்சாட்டாக ஏறின. அக்டோபரில் சினாட்ரா சூதாட்ட உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். மீண்டும் வாங்க 1981 வரை ஆயிற்று. அந்த விண்ணப்பத்தில் தனக்காகச் சொல்லக்கூடியவர் என்று அவர் காட்டிய பெயர்களில் ஒன்று, அதே 1981-ல் அதிபரான ரொனால்ட் ரீகன்.

இது முழுக்கப் பச்சை. ஒரு தயாரிப்புக் கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது, "ஆபீஸர் ஃபைல் எழுதுவதை யார் சார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது 1962 மார்ச். பாம் ஸ்பிரிங்ஸ் வீட்டில் அதிபர் தங்குவார் என்று சினாட்ரா ஹெலிகாப்டர் தளம்வரை கட்டிவைத்தார். கென்னடி வராமல் இன்னொரு பாடகரான பிங் கிராஸ்பி வீட்டில் தங்கினார். அதுவரை பச்சை. ஆத்திரத்தில் சினாட்ரா சம்மட்டியால் தளத்தை உடைத்தார் என்பது கைமாறி வந்த கதை. காட்சியில் அவர் தனியாக இருக்கிறார், ஓர் அரைப் பக்கம் தனக்குத்தானே பேசவும் செய்கிறார்.

இப்படிப்பட்ட இடத்தில் சிவப்புப் போட்டுக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. எடுப்பதா வேண்டாமா என்பதை இயக்குநரும் வழக்கறிஞரும் பேசி முடிவு செய்வார்கள். பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.